சொல்லியாச்சு ஆசாமி

துடைத்து வைக்கிறவர்கள் என்று மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. ஓட்டலில் மேசை துடைப்பவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், நீங்கள் சாப்பிட்டு எழுந்தீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கிறார். இவர்கள் அப்படியல்ல. நீங்கள் காபியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, போன் அடிக்கிறதே என்று எழுந்து போய், யாரோ ஒருவர் உங்களுக்கு வீட்டுமனை வேண்டுமா என்று கேட்க, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்குள், டம்ளர் கழுவப்பட்டு, துடைக்கப்பட்டு, அலமாரியில் கவிழ்ந்து கிடக்கும். செய்தித்தாளைப் பிரித்து வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடி தேடப் போவீர்கள். கண்ணாடி கிடைக்கும், தாள் பழைய பேப்பர் கட்டுக்குள் போய்ச் சணல் கயிறும் கட்டியாகியிருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன் என்பார்கள், நல்லது செய்தவர் முகத்தோடு.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரச் சொல் உண்டு. சொல்லியாச்சு. கேஸ் சிலிண்டர் வந்ததா? சொல்லியாச்சு. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதே? பிளம்பரிடம் சொல்லியாச்சு. நம் தமிழில் இந்த ‘ஆச்சு’ இருக்கிறதே, அது ஒரு பொல்லாத சங்கதி. சாப்பிட்டாச்சு என்றால் வயிறு நிறைந்துவிட்டது. குளிச்சாச்சு என்றால் தலை ஈரமாக இருக்கிறது. சொல்லியாச்சு என்றால் என்ன ஆச்சு? சொன்னது ஒன்றுதான் ஆச்சு. சிலிண்டர் கிடங்கில் இருக்கிறது, பிளம்பர் பண்ணைக்காட்டில் மச்சினன் வீட்டு விசேஷத்தில் இருக்கிறார். ஆனாலும் அந்த ஆச்சு காதில் விழுந்த கணத்தில் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் ஒரு நிம்மதி பரவுகிறது பாருங்கள், அந்த நிம்மதியில்தான் இந்த இனம் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத பிரதிநிதி ஒருவர் இருக்கிறார். பெயர் பழனிக்குமார். கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழேயிருந்து கொக்கோ வாசனையும் எங்களுடைய நனைந்த ஸ்வெட்டர் வாசனையும் சேர்ந்து ஒரு புது வாசனையாக எப்போதும் அங்கே நிற்கும். தோட்டக்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்து விற்கிறோம். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும் பெட்டி, கொட்டகையில் ஈரம் ஏறினால் காற்றாடியைப் போடும் பெட்டி, இப்படி. பெட்டிக்குள் ஒரு விரல்நகம் அளவுக்குக் கணினி. அதற்குள் சி மொழியில் ஒரு நிரல். நிரலை எழுதுகிறவர் பழனிக்குமார். பெட்டி வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம், அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறவள் நான். புவனா என்று பெயர்.

சி மொழியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. மற்ற மொழிகள் பலவற்றில் வீடு பெருக்க ஆள் உண்டு. வேண்டிய இடத்தை எடுத்துப் புழங்கிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகலாம். பின்னால் ஓர் ஆள் வந்து, இது இனி யாருக்கும் வேண்டாம் என்று பார்த்துச் சுத்தம் செய்யும். சி மொழியில் ஆள் கிடையாது. கணினியின் நினைவில் ஓர் அறையை நீங்களே கேட்டு வாங்க வேண்டும், நீங்களே காலி செய்து கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் அறைகள் தீர்ந்து போகும். அவசரப்பட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

அறை காலி செய்வதில் பழனிக்குமாரை யாரும் மிஞ்ச முடியாது. அவர் பிறந்து வளர்ந்ததே பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜில். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் வந்து இறங்கும்போது, ஒரு குடும்பம் படியில் கால் வைத்ததும் அறையைக் கழுவி அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்தால்தான் தொழில் நடக்கும். அப்படி ஒரு தைப்பூசத்தில், மணப்பாறைக் குடும்பம் ஒன்று, மொட்டை போட்டுச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பியது. வாலிபப் பழனிக்குமாரின் காதில் கிளம்பியது மட்டும் விழுந்தது. அறை கழுவப்பட்டது, விரிப்பு மாற்றப்பட்டது, மூட்டைகள் வரவேற்பறை மூலைக்கு வந்தன, தாராபுரத்துக் கூட்டம் ஒன்று உள்ளே போய்ப் படுத்துவிட்டது. மணப்பாறைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். போனது முடியோடு, வந்தது மொட்டையோடு, தலைக்குச் சந்தனத்தோடு. பழனிக்குமாருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? சாவிதான் குடும்பத் தலைவர் இடுப்பிலேயே இருக்கிறதே. நேராகப் போய்க் கதவைத் திறந்தார், விளக்கைப் போட்டுத் தோளில் தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று தடவிக்கொண்டே உள்ளே போனார், கையிலிருந்த பஞ்சாமிர்தத்தைத் தன் பெட்டி என்று நினைத்து ஒரு பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். தாராபுரத்து அம்மாளின் பட்டுப்புடவைப் பெட்டி அது. பஞ்சாமிர்த டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கவில்லை.

இதைப் பழனிக்குமாரே சிரித்துக்கொண்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதில் தப்பு யார் மேல் என்று அவர் நினைக்கிறார் தெரியுமா? மணப்பாறைக்காரர் மேல். கதவைத் தட்டிவிட்டு அல்லவா உள்ளே போக வேண்டும் என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் பூம்பாறை அன்னக்கொடியின் விதைப்பூண்டு போய்ச் சிக்கியது.

அன்னக்கொடிக்கு மலைச்சரிவில் பூண்டு வெள்ளாமை. அறுத்த பூண்டில் நல்லதாகப் பொறுக்கி, தாளோடு முடிச்சுப் போட்டு, அடுத்த நடவுக்கு விதையாகத் தொங்கவிட்டு வைக்க வேண்டும். முன்பு அடுப்புப் புகையிலேயே அது காய்ந்து கிடக்கும். இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு, பரண் இல்லாத கான்கிரீட் கூரை. அதனால் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, எங்கள் பெட்டியையும் காற்றாடியையும் வாங்கி மாட்டினார். ஈரம் ஏறினால் காற்றாடி சுற்றும். சுற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்தால் விதை இல்லை, விதை இல்லாவிட்டால் இந்த வருடம் சரிவு முழுக்கச் சும்மா கிடக்க வேண்டியதுதான். வாங்கின அன்றைக்கே இதையெல்லாம் என்னிடம் போனில் விளக்கமாகச் சொல்லி, கடைசியில், உங்கள நம்பித்தான் அடுப்புப் புகைய விட்டேன் என்றும் சொல்லி வைத்தார்.

வெயில் நாட்களில் காற்றாடி ராஜா மாதிரி சுற்றியது. மேகம் இறங்கி மலையை மூடியது, காற்றாடி நின்றுவிட்டது. ஈரம் இல்லாதபோது சுற்றி, ஈரம் ஏறியதும் நிற்கிற காற்றாடியை உலகத்தில் வேறு யாராவது விற்றிருக்கிறார்களா? அன்னக்கொடி கூப்பிட்டார். அணைத்துவிட்டுப் போடச் சொன்னேன். சுற்றியது. மறுநாள் காலை மேகம் வந்தது, நின்றது.

பழனிக்குமாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போது என் மேசையில் இருந்த பேனா மூடிகளைப் பேனாக்களில் மாட்டிக்கொண்டிருந்தார், நான் எழுதிக்கொண்டிருந்த பேனா உட்பட. தன்னுடைய நிரலில் ஓர் அறைகூட வீணாகக் கிடக்காது, எடுத்ததெல்லாம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று தன் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் அதே பெட்டி, அதே காற்றாடி, ஈரம் பார்க்கிற கருவி ஒரு சாண் தள்ளி. கருவி மேல் வாயால் ஊதினார். காற்றாடி உடனே சுற்றியது. பூம்பாறையில்தான் ஏதோ பிரச்சினை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் தீர்ப்பில் தானே திருப்தியடைந்து, மேசையைத் துடைத்தார்.

நல்லவேளையாக அலுவலகத்தில் சௌம்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, அதனால் மற்றவர் எழுதிய நிரலைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. உட்கார்ந்து படித்தாள். விஷயம் இதுதான். பெட்டி, கொட்டகையின் அந்தக் கோடியில் தொங்கும் கருவியிடம், ஈரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல் என்று கம்பியில்லாமல் கேட்கிறது. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை, வேறு சோலி பார்க்கப் போய்விடுகிறது. பதில் வந்தால் வைப்பதற்கு ஓர் அறை எடுத்து, அதன் சாவியைக் கேள்வியோடு கருவியின் பக்கம் அனுப்பி வைத்திருக்கிறது. மேசையில் பதில் உடனே வந்துவிடும். பூம்பாறையில், நனைந்த பூண்டுத் தாள் மதில் மாதிரி குறுக்கே தொங்க, அலை தட்டுத் தடுமாறித் தாமதமாகத்தான் வரும். பழனிக்குமாரின் நிரலுக்கு அவ்வளவு பொறுமை ஏது? கொஞ்சம் பார்க்கும். இனி வராது என்று முடிவு கட்டும். அறையைக் கழுவும். கழுவிய அறையைக் காற்றாடிக்குக் கொடுத்துவிடும். எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கலாம் என்று காற்றாடி அங்கே குறித்து வைத்துக்கொள்ளும்.

பிறகு பதில் வரும். சாவி கையில் இருக்கிறது. திறக்கும், உள்ளே போகும், ஈரத்தின் அளவை வைத்துவிட்டுப் போகும். காற்றாடி அதைப் பார்த்து, ஆகா, இவ்வளவு நேரம் ஓய்வா என்று படுத்துவிடும். கொட்டகையில் ஈரம் ஏற ஏற அதற்கு ஓய்வு கூடும்.

சௌம்யா இதைச் சொன்னபோது, மணப்பாறைக்காரர் ஞாபகம் எனக்கு வந்தது. பழனிக்குமாருக்கு வரவில்லை. தட்டிவிட்டு அல்லவா உள்ளே போக வேண்டும் என்று கருவியைக் குறை சொன்னார்.

இந்த இடத்தில் இன்னொரு இனத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழனிக்குமாருக்கு நான் துரோகம் செய்ததாகும். பக்கத்து மேசை ஒலியுல்லா பாய். இவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். இழுப்பறையில் செத்த பேட்டரிகள், காலாவதியான பஸ் பாஸ், அப்பா பஜாரில் கம்பளிக் கடை வைத்திருந்த காலத்துத் துணி உறைகள், கம்பி போன குடைகள். என்றைக்காவது ஆகும் என்பார். அவர் வைத்தியம் எளிமையானது. அறையைக் காலி செய்வதால்தானே வம்பு, காலி செய்யவே வேண்டாம். பழனிக்குமார் காய்ச்சலில் லீவு போட்டிருந்த நேரம் பார்த்து நிரலை அப்படியே மாற்றி, பூம்பாறைக்கு அனுப்பியும் விட்டார். மேகம் வந்தது, காற்றாடி சுற்றியது, எல்லோரும் பாயைக் கொண்டாடினோம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அறை, எந்த அறையும் திரும்பி வரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பெட்டியில் மூச்சு விட இடமில்லாமல் போய், அது சத்தம் போடாமல் செத்தது. பாய் செத்த பெட்டியையும் கேட்டார், உதிரிக்கு ஆகுமாம்.

காய்ச்சல் தெளிந்து வந்த பழனிக்குமாருக்கு இது பண்டிகை. சுத்தத்தின் அருமை இப்போதாவது தெரிந்ததா என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே திருத்தம் எழுத உட்கார்ந்தார். எழுதினார். அழகாகவே எழுதினார். இனி பதில் வேண்டாம் என்று தோன்றினால், பெட்டி முதலில் கருவிக்கு, வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும். சொல்லிவிட்டு அறையைக் கழுவும். சௌம்யா இரண்டு தடவை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“வர வேணாம்னு சொன்னது அதுக்குக் கேட்டுச்சாண்ணே?”

“சொல்லியாச்சும்மா.”

“அதான், கேட்டுச்சா?”

“சொல்லியாச்சுங்கிறேன்ல.”

மலையிலிருந்து ஒருவர் கிளம்பி இறங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அடிவாரத்திலிருந்து அவர் வீட்டுக்கு, வர வேண்டாம் என்று ஆள் அனுப்புகிறீர்கள். வழியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே கடந்து போகிறார்கள். அவர் வந்து நிற்கும்போது நீங்கள் கதவைப் பூட்டிவிட்டால் அவர் என்ன செய்வார்? வேண்டாம் என்பதும் ஒரு சேதிதான். போய்ச் சேர அதற்கும் நேரம் வேண்டும். இது பழனிக்குமாருக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். படித்தவர், பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுவார். ஆனால் சொல்லி முடித்ததும் உடம்பு தானாகத் துடைக்கும் துணியைத் தேடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

அந்தத் திருத்தத்தோடு வேறு பெட்டி பூம்பாறைக்குப் போனது. அடுத்த மேகத்துக்கு அன்னக்கொடி மறுபடி கூப்பிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. கயிற்றில் கீழ்வரிசைப் பூண்டில் வெள்ளையாகப் பொடி மாதிரி படிய ஆரம்பித்திருக்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது என்று தணிந்த குரலில் சொன்னார். பெட்டி செய்கிற தம்பியிடம் விஷயத்தைச் சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லியாச்சுங்க என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. இந்த வியாதி தொற்றக்கூடியது, தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டுப் பழனிக்குமார் மேசைக்குப் போய், ஒரு பொம்பளையின் ஒரு வருட வெள்ளாமை உங்கள் துடைப்பத்தில் போகிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் இந்த இனத்தோடு உள்ள சிக்கல். கெட்டவர்களாக இருந்தால் நாம் எப்போதோ ஒழித்துக் கட்டியிருப்போம். சௌம்யாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டார்.

அவள் சொன்ன யோசனையில் மந்திரம் எதுவும் இல்லை. அறைக் கதவில் ஓர் எண்ணிக்கை இருக்க வேண்டும், எத்தனை பேரிடம் சாவி இருக்கிறது என்று. கேட்டவரிடம் ஒன்று, பதில் கொண்டு வருகிறவரிடம் ஒன்று. அவரவர் வேலை முடிந்ததும் அவரவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கடைசிச் சாவி கைக்கு வந்த பிறகுதான் அறையைத் தொட வேண்டும். வர வேண்டாம் என்று சொன்னாலும், ஒன்று பதில் வரும், அல்லது சரி, வரவில்லை என்ற சேதி வரும். இரண்டில் ஒன்று வரும்வரை அறை அப்படியே இருக்கட்டும்.

“காலியாவாம்மா கெடக்கணும்?” என்று கேட்டார் பழனிக்குமார்.

“காலியா இல்லண்ணே. ஒருத்தர் வரவேண்டி கெடக்கு.”

பழனிக்குமார் எழுதினார். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தபோது அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கருவியை எடுத்துக்கொண்டு போய்க் கீழே சாக்லேட் கடையின் குளிர்பெட்டிக்குப் பின்னால் வைத்தாள் சௌம்யா, பதில் தாமதமாகட்டும் என்று. திரையில் ஓர் அறை, யாரும் இல்லாமல், கழுவப்படாமல், சும்மா நின்றது. பழனிக்குமார் திரையைப் பார்த்தார், விசைப்பலகையைப் பார்த்தார், நாற்காலியில் முன்னும் பின்னும் நகர்ந்தார், இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதில் வந்தது. தன் இடத்தில் தானே உட்கார்ந்தது. சாவிகள் திரும்பின, அறை கழுவப்பட்டது. சின்ன வயதில் லாட்ஜில் எப்படிப் பெருமூச்சு விட்டிருப்பாரோ அப்படி ஒரு பெருமூச்சு விட்டார்.

மறுநாள் வெள்ளனே வந்து நானே கையால் ஏற்றித் தருகிறேன் என்று அன்னக்கொடியிடம் போனில் சொன்னார். போனில் பேசுகிற பொம்பளையையும் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டதால் நானும் கிளம்பினேன். காலையில் முதல் பஸ் கிளம்பவில்லை. இரண்டாவது பஸ் கிளம்பி, மேகத்துக்குள் மெல்ல ஊர்ந்து, ஒரு வளைவில் காரட் லாரி ஒன்று சாய்ந்து நிற்க, அதன் பின்னால் நின்றது. லாரியை நிமிர்த்தி வழி விடும்வரை எல்லோரும் கீழே இறங்கி, உருண்ட காரட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம். செல்போன் சிக்னல் இல்லை. பூம்பாறை போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து ஊர் அடங்கியிருந்தது.

கொட்டகைக் கதவைத் திறந்தால் கயிறுகள் மட்டும் தொங்குகின்றன. ஒரு முடிச்சுப் பூண்டு இல்லை. தரையைக் கூட்டிக் கழுவி விட்டிருந்தார்கள். எங்கள் பெட்டி சுவரிலிருந்து கழற்றப்பட்டு, வயர் சுருட்டப்பட்டு, கூட்டிய குப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. பழனிக்குமார் மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அன்னக்கொடி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பூண்டெல்லாம் எங்கக்கா?”

“எடுத்தாச்சு.”

“நான் வாரேன்னு சொன்னேனே.”

“சொன்னீங்க தம்பி. வெள்ளனே வாரேன்னு சொன்னீங்க. வெள்ளனேயும் போச்சு, வெயிலும் போச்சு. இனி எங்க வரப்போறீகன்னு கொழுந்தன் வீட்டுப் பரணுக்கு ஏத்தியாச்சு. அங்க விறகடுப்பு இருக்கு.”

“கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம்லக்கா. வந்துட்டேதான இருந்தேன்.”

வாசகரே, இந்த வாக்கியத்தைப் பழனிக்குமார் வாயிலிருந்து கேட்க நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பஸ்ஸில் வந்திருப்பேன். பேசினால் சிரித்துவிடுவேன், சிரித்தால் அந்த அம்மாள் என்னையும் குப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். பழனிக்குமார் தன் வாக்கியத்தைத் தானே காதால் கேட்டுவிட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அந்தக் குளிரிலும்.

அப்போதுதான் மூலையில் ஒரு கூடையைப் பார்த்தேன். கீழ்வரிசைப் பூண்டு; லேசாகப் பூசணம் பிடித்ததும் பிடிக்காததுமாக. இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“முழுசும் பூசணம் ஏறுனதும் பஸ்ஸில தூக்கிட்டு வந்து உங்க ஆபீஸ் மேசையில கொட்டணும்னு வச்சிருக்கேன்” என்றார் அன்னக்கொடி.

அந்தக் கூடைதான் எங்களைக் காப்பாற்றியது. பழனிக்குமார் பேச்சை வளர்க்காமல் பூண்டைக் கயிற்றில் கட்டினார். நனைந்த சாக்குகளைக் குறுக்கே தொங்கவிட்டார், பதில் தாமதமாகத்தான் வர வேண்டும் என்று. பெட்டியை மாட்டி, புது நிரலை ஏற்றி, விலகி நின்றார். வெளியே மேகம் கொட்டகைக்குள்ளேயே நுழைந்துவிடும்போல வந்தது. பெட்டி கேட்டது. பதில் இல்லை. மேலும் பதில் இல்லை. நான் பழனிக்குமாரைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அன்னக்கொடி என்னைப் பார்த்தார், என்ன, இவ்வளவுதானா என்கிற மாதிரி. பிறகு பச்சை விளக்கு மினுக்கியது. காற்றாடி ஒரு தடவை முனகி, சுற்றத் தொடங்கியது.

நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மேகம் கூடக் கூட வேகம் கூடியது. அன்னக்கொடி கயிற்றுப் பக்கம் போய்ப் பூண்டுத் தாளைத் தொட்டுப் பார்த்தார், காற்றில் கையை நீட்டிப் பார்த்தார், எங்களை உட்காரச் சொல்லாமலே வீட்டுக்குள் போய்விட்டார். போகட்டும், வேலை முடிந்தது என்று பழனிக்குமார் கீழே கிடந்த காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, நாலாக மடித்து அடுக்க ஆரம்பித்தார். அன்னக்கொடி கையில் இரண்டு தட்டுச் சோற்றோடு திரும்பி வந்து, வாசலிலிருந்தே அதட்டினார்.

“ஏ தம்பி, அத மடிக்காதீக. சாயங்காலம் பூண்டு அதுலதான் திரும்பி வரணும்ல.”

பழனிக்குமார் மடித்த சாக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். ஒருவர், தான் மடித்ததைத் தானே பிரிப்பதில் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். நிரலில் திருந்திவிட்டார். இன்று காலைகூட நான் பாதி உரித்து வைத்திருந்த ஆரஞ்சு காணாமல் போனது, அதை விடுங்கள். உங்களைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் இந்த இனம் இல்லை என்று நான்கைந்து பக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டு வருகிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலிருந்து படிக்கவோ வேலைக்கோ ஒரு பிள்ளை கிளம்பிப் போயிருக்கும். போகிறேன் என்று சொல்லியிருக்காது; நம் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படி இறங்குவதில்லை. போயிட்டு வாரேன் என்றுதான் சொல்லியிருக்கும், நீங்களும் போயிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இப்போது ஒரு நடை அந்த அறைக்குள் போய், அந்தப் பிள்ளையின் கட்டில் மேல் என்னென்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு சேர்ந்து சிரிக்கலாம், பழனிக்குமாரைப் பார்த்து.